வளர்கிற பிள்ளைக் கணக்கு

டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில் குழந்தைத் துணி வாங்கிப் பழகியவர்கள் சைஸ் சீட்டைப் பார்ப்பதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சரக்கு அது. பெரும்பாலும் சீட்டைக் கத்தரித்திருப்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது எந்த நாட்டுக் குழந்தைக்குப் போட்ட கணக்கோ, யாருக்குத் தெரியும். ஆகவே சட்டையைப் பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்ப்போம், தோளுக்குத் தோள் சரியாக இருக்கிறதே என்று கொஞ்சம் யோசிப்போம், அப்புறம், "ஒரு சைஸ் பெருசாவே எடு, வளர்ற பிள்ளை" என்று முடித்துவிடுவோம். விற்கிறவனும் ஒத்து ஊதுவான்: "ஏக் சைஸ் படா லே லோ ஆன்ட்டிஜி."

சட்டைக்கு இந்தக் கணக்கு சரி. ஸ்வெட்டருக்கு ரொம்பவே சரி. கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டால் அடுத்த டெல்லிக் குளிரையும் ஓட்டிவிடலாம். லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் எங்கள் பிள்ளைகள் படித்த காலத்தில் சீருடைப் பாவாடையின் உள்மடிப்பை வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விட்டவர்கள்தானே நாங்கள் எல்லோரும். மத்திய அரசுச் சம்பளத்தில் குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு அந்தப் புத்தி கைவந்த கலை.

டயப்பருக்கு மட்டும் அதைக் கொண்டுவராதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். டயப்பர் நாளைக்கு வளரப்போகிற பிள்ளைக்கானது இல்லை. இன்று காலை மடியில் கிடக்கிற பிள்ளைக்கானது. நாளைய பிள்ளையை நினைத்து வாங்கினால் இன்றைய பிள்ளையின் தொடையிடுக்கில் ஒழுகும்.

இப்போது இந்தப் பக்கம் குடிவருகிற சின்னஞ்சிறுசுகள் கோயிலில் பார்த்தால் நின்று கேட்பார்கள்: "மாமி, குழந்தைக்கு ஆறு மாசம் ஆச்சு. எந்த சைஸ் வாங்கட்டும்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எடை எவ்வளவு?" அதற்குத்தான் பதில் வராது. மாதம் தெரியும், வாரம் தெரியும், பிறந்த நட்சத்திரம் நிமிஷத்தோடு தெரியும். போன வாரம் எத்தனை கிலோ என்று கேட்டால் கணவன் மனைவியைப் பார்ப்பான், மனைவி அம்மாவைப் பார்ப்பாள்.

மாதத்தை வைத்து சைஸ் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து பார்த்தது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஓஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ். இந்தியாவில் எந்த ஊர் தெரியுமா? நம்முடைய தென் டெல்லி. எய்ம்ஸ் மருத்துவர்கள்தான் இங்கே அந்த வேலையைப் பார்த்தார்கள். இங்கிருந்து ஆட்டோ ஏறினால் பத்து நிமிஷத்தில் எய்ம்ஸ். தாய்ப்பால் குடிக்கிற, தாய் புகைபிடிக்காத, சாப்பாட்டுக்குக் குறைவில்லாத வீட்டுக் குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். நல்லபடி வளர்த்தால் நார்வே குழந்தையும் டெல்லிக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன, வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரே ஊரில் ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையில்தான் என்று அதில் தெரியவந்தது. 2006-ல் வெளியான அந்த அளவுகோலைத்தான் இன்று நம் தடுப்பூசி அட்டையில் வளைகோடாக அச்சடித்துத் தருகிறார்கள்.

அந்த அளவுகோல்படி ஆறு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3. ஆனால் 6.4 கிலோ இருக்கிற ஆண் குழந்தையும் இயல்புக்குள்தான், 9.8 கிலோ இருப்பதும் இயல்புக்குள்தான். இப்போது டயப்பர் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்புங்கள். நம் கடைகளில் கிடைக்கிற பெரிய கம்பெனிகளின் பேன்ட் வகையில் பொதுவாகப் போட்டிருப்பது இது: எஸ் என்றால் 4 முதல் 8 கிலோ, எம் என்றால் 7 முதல் 12, எல் என்றால் 9 முதல் 14, எக்ஸ்எல் 12 முதல் 17. ஆக, ஒரே நாளில் பிறந்த மூன்று ஆறு மாதக் குழந்தைகள் எஸ், எம், எல் என்று மூன்று சைஸ் போட்டிருக்கலாம்; மூன்றும் சரியாகவே இருக்கும். அடுத்த வீட்டுக் குழந்தை எல் போடுகிறது, நம்முடையது இன்னும் எஸ்ஸிலேயே இருக்கிறதே என்று மாமியார் முகம் சுளித்தால் அந்த அட்டையை எடுத்துக் காட்டுங்கள். டயப்பர் சைஸ் பிள்ளை வளர்ப்புக்குத் தருகிற மார்க் இல்லை.

எடைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஏழரை கிலோ குழந்தை எஸ்ஸிலும் வரும், எம்மிலும் வரும். எதை எடுப்பது? அங்கேதான் எண்ணை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்க்க வேண்டும். தொடை மடிப்பு மடிப்பாகக் கொழுகொழுவென்று இருந்தால் எம். நீட்டமாக, இடுப்பு ஒல்லியாக இருந்தால் அதே எடைக்கு எஸ்ஸே நன்றாக நிற்கும். பாக்கெட்டில் போட்டிருக்கிற கிலோ ஒரு வாசல்தான். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது உங்கள் விரல்.

அந்த விரல் பரிசோதனையைச் சொல்கிறேன். டயப்பர் போட்டு முடித்ததும் தொப்புளுக்குக் கீழே இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரலை நுழையுங்கள். நுழைந்து, லேசாகப் பிடித்த மாதிரி இருந்தால் சரி. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் சிறிசு. கையே போய் வருகிறது என்றால் பெரிசு. டேப் ஒட்டுகிற வகையாக இருந்தால் இரண்டு டேப்பும் முன்பக்கம் நடுவை நெருங்கி உட்கார வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் பெரிசு. ஓரத்திலேயே நின்று இழுத்துக்கொண்டிருந்தால் சிறிசு. அடுத்து, ஆள்காட்டி விரலைத் தொடை ஓரமாக ஒரு சுற்று ஓட்டுங்கள். அங்கே எலாஸ்டிக் வைத்த சுருக்கு இரண்டு இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய வேலி, வெளியே ஒன்று. புதிதாகப் பழகுகிறவர்கள் நிறையப் பேர் அந்த வெளிச் சுருக்கை உள்பக்கமாக மடித்துவிட்டே கட்டிவிடுகிறார்கள். சைஸ் சரியாக இருந்தும் ஒழுகும். விரலால் வெளியே இழுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது.

ஒழுகுகிறது என்றதும் எல்லோரும் பெரிய சைஸுக்குத்தான் ஓடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். சிறிசும் ஒழுகும், பெரிசும் ஒழுகும்; எங்கே ஒழுகியது என்று பார்த்தால்தான் எது என்று தெரியும். உள்ளே பஞ்சோடு ஒரு பொடி கலந்திருக்கிறது, சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். ஈரம் பட்டதும் ஜெல்லாக உப்பிப் பிடித்துக்கொள்வது அதுதான். உப்புவதற்கு அதற்கு இடம் வேண்டும். இறுக்கிப் பிடித்த டயப்பரில் இடமில்லை, சிறுநீர் வந்த வேகத்துக்கு உறிஞ்ச முடியாமல் ஓரம் தேடும். அப்படிப்பட்ட டயப்பரைக் கழற்றினால் தொடையிலும் இடுப்பிலும் சிவப்பாகக் கோடு பதிந்திருக்கும். மலம் முதுகுவழியாக மேலேறிச் சட்டை வரை வருவதும் பெரும்பாலும் சிறிய சைஸின் வேலைதான். எலாஸ்டிக் தடம் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை; குளிப்பாட்டி முடித்த பிறகும் மறையாத கோடு, தோலைத் தேய்த்த மாதிரி இருக்கிற கோடு, அடுத்த சைஸ் கேட்கிறது.

பெரிய சைஸ் ஒழுகும் விதம் வேறு. கோடு எதுவும் இருக்காது. டயப்பரும் பாதிகூட நனைந்திருக்காது. ஆனால் ஒரு பக்கத் தொடையோரம் மட்டும் தொப்பலாக நனைந்திருக்கும். அங்கே இடைவெளி இருந்தது, தண்ணீர் வழி கண்டுபிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆண் குழந்தைக்கு முன்பக்கம் மேலே ஈரமானால் சைஸைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று பாருங்கள்: டயப்பர் கட்டும்போது குறி கீழ்நோக்கி இருந்ததா? மேல்நோக்கி இருந்தால் எந்த சைஸும் காப்பாற்றாது.

இரவில் மட்டும் நனைகிறது, பகலில் சரியாக இருக்கிறது என்றால், எடையும் அடுத்த சைஸின் எல்லைக்குள் வந்திருந்தால், இரவுக்கு மட்டும் ஒரு சைஸ் ஏறிக்கொள்ளலாம். இந்த ஒரு இடத்தில் "பெருசாவே எடு" என்பதை நான் ஒப்புக்கொள்வேன்.

இப்போது வாங்கும் கணக்கு. பிரசவத்துக்கு முன்பே அலமாரி நிறையப் பச்சிளங்குழந்தை சைஸை அடுக்கி வைக்கிற ஆசை இருக்கிறதே, அது வேண்டாம். அந்த சைஸ் 5 கிலோ வரைக்கும்தான். பிறந்த எடை முதல் சில நாளில் கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிடும், ஐந்து மாதம் சுமாருக்கு இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை சில வாரங்களில் அந்த அடுக்கைத் தாண்டிவிடும். ஒரு சின்ன பாக்கெட் போதும். தீர்ந்தால் கீழே கடை இருக்கிறது. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக வேண்டியிருக்கும். தொப்புள்கொடி உதிர்கிற வரை டயப்பரின் மேல்விளிம்பைக் கீழே மடித்துக் கட்டுங்கள். கொடியில் ஈரமும் உரசலும் படக்கூடாது.

இணையத்தில் தள்ளுபடி என்று நூற்றுக்கு மேல் இருக்கிற மாதப் பெட்டியைக் கண்டதும் கை பரபரக்கும். எனக்கும் தள்ளுபடி என்றால் உயிர்தான். சரோஜினி நகரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன் எடையைப் பாருங்கள். குழந்தை அந்த சைஸின் மேல் எல்லையை நெருங்கிவிட்டதென்றால் சின்ன பாக்கெட். கீழ் எல்லையைத் தாண்டி இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறது என்றால் பெரிய பெட்டி. இன்னொன்றும் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார்: ஒரே கம்பெனியில் சைஸ் ஏற ஏற ஒரு டயப்பரின் விலையும் ஏறும். எஸ் போதுமான பிள்ளைக்கு எம் வாங்குவது சிக்கனம் இல்லை, ஒவ்வொரு தடவையும் கூடுதல் காசு. 2025 செப்டம்பரில் டயப்பருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலை ஒட்டிய பாக்கெட்டைப் பழைய விலைக்கே தந்தால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். எந்தச் சந்தையிலாவது பாக்கெட் இல்லாமல் எண்ணிக் கொடுத்தாலோ நிறுத்துக் கொடுத்தாலோ வாங்க வேண்டாம். எத்தனை கிலோவுக்கானது, யார் செய்தது, எப்போது செய்தது, எதுவும் தெரியாத ஒன்றைப் பிள்ளையின் தோலில் கட்டக்கூடாது. சட்டைக்குச் சீட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, இதற்கு வேண்டும்.

எங்கள் காலத்தில் சைஸே கிடையாது என்று சொல்லாமல் விட்டால் என் வயதுக்காரிகள் கோபித்துக்கொள்வார்கள். பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, இடுப்பில் ஒரு முடிச்சு. பிள்ளை வளர்ந்தால் முடிச்சு கொஞ்சம் தள்ளிப் போகும். இரண்டு கிலோ குழந்தைக்கும் பத்து கிலோ குழந்தைக்கும் ஒரே துணி. அருமையான ஏற்பாடுதான். ஆனால் அதைப் பற்றி இப்போது சிலாகிக்கிறவர்கள் டெல்லி ஜனவரியை மறந்துவிடுகிறார்கள். பனிமூட்டம் பத்து நாள் விலகாது, பின்பக்கக் கொடியில் போட்ட துணி காலையில் போட்டது மாலையில் அதே ஈரத்தோடு விறைத்துக் கிடக்கும். இஸ்திரி போட்டுக் காய வைத்தோம், அறை ஹீட்டர் முன்னால் நாற்காலி போட்டு அதன் முதுகில் விரித்தோம். வீடு முழுக்க அந்த வாடை. அந்தக் குளிரில் ஒரு இளம் தாய் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஐஸ் தண்ணீரில் துணி அலசுவது தியாகம் என்று நான் பாட மாட்டேன். டயப்பர் வந்தது நல்லது. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ரொம்ப நல்லது.

துணியில் ஒரு வசதி மட்டும் இருந்தது. நனைந்தால் உடனே தெரியும். நாள் ஒன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதுமான அளவு போகிறது என்று கைக்கணக்கிலேயே தெரிந்துவிடும். இன்றைய டயப்பர் ஈரத்தை விழுங்கி மறைத்துவிடுகிறது. முன்பக்கம் மஞ்சள் கோடு நீலமாகிற வகையாக இருந்தால் அதைப் பாருங்கள்; இல்லையென்றால் கையில் தூக்கிப் பாருங்கள், கனம் சொல்லும். எப்படியிருந்தாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் பகலில் ஒன்றையே விட வேண்டாம். மலம் போயிருந்தால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் என்று விளம்பரம் சொன்னால், தாங்குவது டயப்பர். பிள்ளையின் தோல் அத்தனை நேரம் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

குளிர் காலத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. உள்ளாடை, இரண்டு ஸ்வெட்டர், பைஜாமா, அதற்குமேல் போர்வையில் உருட்டி இறுக்கிக் கட்டுவது. மேலே இத்தனை இறுக்கம் இருந்தால் சரியான சைஸ் டயப்பரும் சிறிய சைஸ் மாதிரி நசுங்கி ஒழுகும். அதைவிட முக்கியம், குழந்தையின் கால் இரண்டும் தவளை மாதிரி அகன்று மடங்கி அசைய இடம் வேண்டும். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவது இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். மார்பு வரை போர்த்துங்கள், கீழே தளர்வாக விடுங்கள்.

வெயில் காலத்துக்கு நான் சொல்வது சுருக்கம்: கழற்றி விடுங்கள். மே மாதத்து அனலிலும் ஜூலைப் புழுக்கத்திலும் நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது பாயில் ரப்பர் ஷீட் போட்டுக் காற்றாடக் கிடக்கட்டும். நனைத்தால் துடைத்துக்கொள்ளலாம், குடி முழுகாது. தோல் சிவந்தால் தண்ணீரில் துடைத்து உலர்த்தி, துத்தநாகம் கலந்த களிம்பைத் தடவுங்கள். பவுடர் தூவாதீர்கள், அது மூச்சில் ஏறும். இரண்டு மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, சிவப்பைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பினாலோ அது பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். இங்கேயும் சைஸ் பேசும்: எலாஸ்டிக் ஓடுகிற கோட்டில் மட்டும் புண் இருந்தால் களிம்பை மாற்றுவதற்கு முன் டயப்பரை மாற்றுங்கள்.

தவழ ஆரம்பித்ததும் டேப் வகையை விட்டு பேன்ட் வகைக்கு மாறுவது இருவருக்கும் நிம்மதி. அந்த வயசில் குழந்தை படுத்துக் கிடக்கச் சம்மதிக்காது. நின்றபடியே ஏற்றிவிடலாம், ஓரத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். எடுத்ததை என்ன செய்வது? மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, காகிதத்திலோ கம்பெனி தருகிற உறையிலோ சுற்றித் தனியாகக் கொடுங்கள். 2016-ன் திடக்கழிவு விதிகளிலேயே இப்படிச் சுற்றித் தர வேண்டும் என்றுதான் இருந்தது. காலையில் வந்து குப்பையைக் கையால் பிரிக்கிறவனும் பிள்ளைகுட்டிக்காரன்தான்.

சைஸ் மாற்றிய பிறகு பழைய சைஸில் நாலைந்து மிஞ்சத்தான் செய்யும். தீர்த்துவிட்டு மாற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மீதியை வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் பேரக் குழந்தைக்கோ, கீழ் மாடிப் புதுத் தாய்க்கோ கொடுங்கள். நாளைக்கு ஐந்தாறு தடவை பிள்ளைக்கு வலிப்பதைவிட இது மலிவு.

எடை பார்க்கத் தனியாக எங்கும் ஓட வேண்டாம். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி, அப்புறம் ஒன்பதாவது மாதம். அப்போதெல்லாம் டிஸ்பென்சரியில் தராசு இருக்கும். இடையில் தெரிய வேண்டும் என்றால் வீட்டுத் தராசில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை டயப்பர் அலமாரிக் கதவில் பென்சிலால் எழுதி வையுங்கள். கடைக்குக் கிளம்புகிறவர் கணவனோ மாமனாரோ, யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். டிஸ்பென்சரியில் கூட்டமாக இருக்கும். ஊசியைப் போட்டுவிட்டு எடை பார்க்காமலே அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள். தராசில் போடச் சொல்லுங்கள், அட்டையில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.